காதும் ஐந்து சிட்டுகளும்

எங்கள் தொழிற்சாலையில் கடைசித் திருகையும் முடுக்கி, துடைத்துப் பளபளவென்று ஆக்கி வெளியே விட்டால் அது கார் ஆகிவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள். அதெல்லாம் இல்லை. பின்பக்கத்துச் சோதனைப் பாதையில் ‘காது’ அதை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினால்தான் அது கார். அதுவரைக்கும் அது சக்கரம் வைத்த தகரப் பெட்டி.

காது என் தங்கையின் கணவன். என்னடா இது, மாப்பிள்ளையை அவன் இவன் என்று பேசுகிறானே என்று பார்க்காதீர்கள். தங்கையைக் கட்டுவதற்கு முன்னாலேயே அவன் எனக்குச் சிநேகிதன். இரண்டு பேரும் ஒரே நாளில் அந்தத் தொழிற்சாலைக் கதவைத் தாண்டி உள்ளே போனவர்கள். அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. காவலாளியிலிருந்து பெரிய மேலாளர் வரைக்கும் எல்லாருக்கும் அவன் காதுதான்.

அவன் வண்டி ஏறும் அழகைப் பார்க்க வேண்டும். கைக்கடிகாரத்தைக் கழற்றுவான். சட்டைப் பையிலிருந்து சாவி, சில்லறை எல்லாவற்றையும் எடுத்து ஒரு டப்பாவில் போடுவான். இடுப்பு வாரின் கொக்கி கிணுங்குகிறது என்று வாரையே விட்டுவிட்டான். பாதி நாள் கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நடப்பான். உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வான். பிறகு கிளம்புவான். முதலில் ‘பல் பாதை’ என்று நாங்கள் சொல்லும் வரி வரியான சிமென்ட் தரை. அதில் ஏறினால் வண்டி உடம்பெல்லாம் உதறும். அதைத் தாண்டினால் நீளமான நேர்ப்பாதை. பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால் பேசக் கூடாது, மெல்லக் கூடாது, தும்மினால்கூட முறைப்பான். எங்கோ ஒரு இடத்தில் ‘டிக்’ என்று கேட்டுவிட்டால் போதும். வண்டியை நிறுத்தி, அந்தச் சத்தம் பிறந்த இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கே ஒரு துண்டு மஞ்சள் ஒட்டு நாடாவை ஒட்டுவான். மஞ்சள் ஒட்டிய வண்டி அந்தந்தப் பிரிவுக்குத் திரும்பி வரும். அந்தப் பிரிவுக்கு அன்றைக்கு மானம் போச்சு.

நான் கதவுப் பிரிவு. கதவை மாட்டுவது, சுற்றிலும் ரப்பர் பதிப்பது, பூட்டு, கண்ணாடி எல்லாம் எங்கள் கை. எங்களுக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். மஞ்சளோடு வண்டி வந்து நிற்கும். பின்னாலேயே கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு அவனும் வருவான்.

"உன் கதவுதான் மச்சான்."

"என் கதவு இல்ல மாப்ள. டாஷ்போர்டா இருக்கும். நல்லாப் பாரு."

"பிரிச்சுக் காட்டட்டுமா?"

பிரிப்போம். உள்ளே ஒரு வாஷர் விழுந்து கிடக்கும். அப்போதும் நான், "இது யாரோ வெளியாள் போட்ட வாஷர்" என்று சப்பைக்கட்டு கட்டுவேன். கையும் களவுமாகப் பிடிபட்டாலும் ஒப்புக்கொள்ளும் வழக்கம் எனக்கு இல்லை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு தடவைகூட "ஆமா, என் கதவுதான்" என்று நான் சொன்னது கிடையாது. ஊரே அறிந்த விஷயம்.

வண்டியைப் பற்றிச் சொல்லவில்லையே. பின்பக்கத்தில் வெள்ளி எழுத்தில் ஏதோ வாயில் நுழையாத பெயர் பதித்திருப்பார்கள். எங்களுக்கு அது ‘சிட்டு’. நாலு கதவு, நடுத்தர அளவு, பின்னால் பெட்டி படுக்கை வைக்க இடம் உள்ள குடும்ப வண்டிதான். ஆனால் காலை வைத்து அழுத்தினால் சிட்டாய்ப் பறக்கும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, திரும்பி வரும்போது வாலிபனாகிவிடலாம். அதற்காகவே வாங்கினார்கள்.

முதல் சிட்டு வெளிவந்தபோது எங்களுக்கும் மீசை அரும்பிய வயதுதான். தாழ்வாக, சதுரமாக, ஒல்லியாக இருக்கும். கண்ணாடி இறக்கக் கையால் சுற்ற வேண்டும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பத் தோள்பட்டை வேண்டும். சத்தமோ, அடேயப்பா! என்ஜின் உறுமல் ஒரு பக்கம், டாஷ்போர்டு கடகடப்பு ஒரு பக்கம். எல்லாவற்றுக்கும் மேலே அந்த விசில். நேர்ப்பாதையில் வேகம் பிடித்தால் ஓட்டுபவர் பக்கத்துக் கதவின் மேல்மூலையில் காற்று புகுந்து ‘வீஈஈ’ என்று ஒரு விசில் அடிக்கும். ரப்பரை மாற்றினோம், கதவின் சட்டத்தை வளைத்துப் பார்த்தோம், ஒன்றுக்கும் மசியவில்லை. காது ஒட்டிய மஞ்சள் ஒட்டில் பாதி அந்த மூலையில்தான் ஒட்டியிருக்கும். கடைசியில் பெரியவர்கள், "இது வண்டியின் குணம்" என்று பூசி மெழுகிவிட்டார்கள். வாங்கினவர்களும் அதை ரசிக்க ஆரம்பித்தார்கள். சாலையில் ஒரு சிட்டு விசிலடித்துக்கொண்டு போனால் ஓரத்தில் நிற்கிற பையன்கள் வாயில் விரலை வைத்துத் திருப்பி விசிலடிப்பார்கள்.

கல்யாணமான வாரம் காது ஒரு சிட்டை இரவல் வாங்கி என் தங்கையை வெளியே கூட்டிப்போனான். வேகம் பிடித்ததும் விசில் கிளம்பியிருக்கிறது. அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "நிறுத்துங்க நிறுத்துங்க" என்று சிரியோ சிரி என்று சிரித்திருக்கிறாள். அவன் நிறுத்தவே இல்லையாம். வீட்டுக்கு வந்து அவள் அதைச் சொல்லும்போதும் காதைப் பொத்திக்கொண்டுதான் சொன்னாள். அவ்வளவு சந்தோஷம் அவள் முகத்தில் நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

இரண்டாவது சிட்டு வந்த வருஷம் அவர்களுக்குப் பெண் பிறந்தாள். வண்டியும் கொழுகொழுவென்று ஆகிவிட்டது. மூலைகள் உருண்டுவிட்டன. ஸ்டியரிங் ஒரு விரலில் திரும்பியது. கதவுக்குள்ளே குறுக்கே ஒரு இரும்புச் சட்டம், சுற்றிலும் இரட்டை ரப்பர். விசில் போயே போச்சு. "அழகா இருக்கா, ஆனா கொஞ்சம் பேச்சு குறைஞ்சிருச்சு" என்று காது அதைப் பற்றிச் சொன்னான். வண்டியை ஒரு பெண்ணைப் போல அவன் பேசுவது என் தங்கைக்குப் பிடிக்காது.

மூன்றாவது சிட்டைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்தம் கொதிக்கும். குடும்பஸ்தர்கள்தான் வாங்குகிறார்கள், அவர்களுக்குச் சொகுசு போதும் என்று மேலே இருந்த எந்த மகானுக்கோ தோன்றிவிட்டது. வண்டியை உயரமாக்கினார்கள், கனமாக்கினார்கள், ஸ்பிரிங்கைப் பஞ்சு மெத்தை ஆக்கினார்கள். திருப்பத்தில் போனால் படகு மாதிரி சாய்ந்தது. பறக்கிற குணம் எங்கே என்று கேட்டால், பின்னால் ஒரு சின்ன இறக்கையும் இருக்கையில் சிவப்பு நூல் தையலும் போட்டிருக்கிறோமே என்றார்கள். சிவப்பு நூலில் வண்டி ஓடுமா? சிட்டு கோழியாகி, கோழி வாத்தாகி நின்றது. விற்பனை மண்ணைக் கவ்வியது.

நாலாவதில் ஞானம் வந்தது. தாழ்த்தினார்கள், டயரைத் தடிமனாக்கினார்கள், டர்போ வைத்தார்கள். பறந்தது. ஆனால் வெளிச்சத்தம் உள்ளே வரக் கூடாது என்று கதவிலும் தரையிலும் அட்டை, நுரை, கம்பளி என்று திணித்து அடைத்ததில் என்ஜின் ஓடுவதே கேட்கவில்லை. வேகமாகப் போகிற உணர்வே இல்லையே என்று யோசித்தார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? என்ஜின் சத்தம் போல ஒன்றைத் தயார் செய்து ஸ்பீக்கர் வழியாக உள்ளே ஒலிக்க விட்டார்கள்! காதுக்கு அன்றைக்கு வந்த கோபத்தை நான் மறக்க மாட்டேன். "உள்ள இருக்கிறதை அடைச்சுட்டு வெளிய இருந்து நடிக்கச் சொல்றாங்க மச்சான்" என்று சாப்பாட்டுக் கூடத்தில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

எங்கள் பிரிவுக்கு மட்டும் அந்தக் காலம் பொற்காலம். நாலாவது சிட்டில் காது எங்கள் கதவுக்கு ஒட்டும் மஞ்சள் குறைந்துகொண்டே வந்தது. அப்புறம் அறவே நின்றுவிட்டது. எங்களுக்குக் கேடயம் கொடுத்தார்கள். அதை அலமாரியின் மேல் வைத்துத் தினமும் துடைத்தேன். "என்ன மாப்ள, கதவுல குத்தம் கண்டுபிடிக்க முடியலயா?" என்று சீண்டினால், "சும்மா சொல்லக் கூடாது மச்சான், கதவு கல்லு மாதிரி இருக்கு" என்பான். நான் தரையில் நடக்கவில்லை.

வீட்டில்தான் ஏதோ சரியில்லை. பெண் படித்து முடித்து வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். மாடிக் குடியிருப்பில் இவர்கள் இரண்டே பேர். ஒரு விடுமுறை நாளில் நான் போனபோது தங்கை சமையலறையில் என்னிடம் பொருமித் தீர்த்துவிட்டாள்.

"அண்ணே, நான் பேசினா இவரு பதிலே சொல்றதில்ல. பக்கத்துலயே நின்னு பேசுறேன், ஜன்னலைப் பார்த்துக்கிட்டு இருக்காரு. நீங்க வந்தா மட்டும் மணிக்கணக்கா பேச்சு."

"எந்தப் புருஷன் பொண்டாட்டி சொல்றதைக் கேக்கிறான்? உங்க அண்ணிகிட்ட கேளு, என்னைப் பத்தி புராணமே பாடுவா."

"விளையாடாதீங்கண்ணே. முன்னாடி இப்படி இல்ல. பொண்ணு போன்ல பேசினாகூட ரெண்டு வார்த்தையில என்கிட்ட குடுத்துடுறாரு. எங்க மேல இருந்த ஒட்டுதலே போச்சு. நானும் பேசுறதை நிறுத்திட்டேன். யாருக்காகப் பேசணும்?"

அவள் கண் கலங்கியது எனக்குச் சங்கடமாகிவிட்டது. வெளியே வந்து அவனிடம், "தங்கச்சி வருத்தப்படுறா, கொஞ்சம் முகம் குடுத்துப் பேசேன்டா" என்றேன். அவன் விழித்தான். "அவதான் மச்சான் இப்பல்லாம் என்கிட்ட பேசுறதே இல்ல" என்றான். இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் பழி போடுகிறார்கள், வயதானால் எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஐந்தாவது சிட்டு வந்தது. நான் குறை சொல்லியே பழகினவன். ஆனால் அதைப் பார்த்ததும் வாயடைத்துப்போனேன். முதல் சிட்டின் தாழ்வு, அந்த ஒல்லி இடுப்பு எல்லாம் திரும்பி வந்திருந்தது. பாதி பேட்டரி, பாதி பெட்ரோல். மெதுவாகப் போகும்போது பேட்டரியில் சத்தமே இல்லாமல் நழுவும், அழுத்தினால் பாய்ந்துவிடும். காது அதை முதல் தடவை ஓட்டிவிட்டு இறங்கியபோது பெரிய மேலாளரே வந்து நின்றார். பாதை மேற்பார்வையாளர் பக்கத்தில் இருந்தாள். சின்ன வயது, எங்கள் காதை அப்பா மாதிரி நினைக்கிற பெண். எல்லாரும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஒரு சத்தம் இல்ல சார். என் சர்வீஸ்ல இப்படி ஒரு வண்டி ஓட்டினதில்ல" என்றான். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

சாயங்காலம் பேருந்தில் வரும்போது என்னிடம் சொன்னான்: "இந்த வண்டியோட அந்த சீட்டுல இருந்தே ரிட்டயர் ஆயிடணும் மச்சான். வேற ஒண்ணும் வேண்டாம். காதாவே வெளிய போயிடணும்." எனக்கும் அதுதான் ஆசை. அந்த இருக்கையில் இல்லாத அவனை என்னால் கற்பனை செய்யக்கூட முடியவில்லை.

ஒருவருக்குமே அவன் காதைச் சோதித்துப் பார்க்கத் தோன்றியதில்லை. வருஷா வருஷம் மருத்துவர்கள் வந்து கண்ணைப் பார்ப்பார்கள், ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். அவன் முறை வந்து காதைப் பார்க்கலாம் என்றதும் நாங்கள்தான், "காதுக்கே காதா!" என்று சிரித்துக் கும்மாளம் போட்டு அவனை வரிசையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்துவிடுவோம். அவர்களும் சிரித்தபடியே சரி என்று போட்டுவிடுவார்கள்.

புது வண்டிகளை ஊர் ஊராக அனுப்புவதற்கு முன் ஒரு விழா வைத்தார்கள். ஐந்து தலைமுறைச் சிட்டும் வரிசையாகச் சோதனைப் பாதையில் ஓட வேண்டும். குடும்பங்களுக்கும் அழைப்பு. காட்சிக் கூடத்தில் பொம்மை போல நின்றிருந்த முதல் சிட்டை வெளியே எடுத்து ஓட்டக் கொடுத்தார்கள். அதை வேறு யார் ஓட்டுவது? காதுதான். பக்கத்தில் நான் ஏறிக்கொண்டேன். பழைய பழக்கத்தில் கடிகாரத்தைக் கழற்றி டப்பாவில் போட்டான்.

சாவியைத் திருப்பினதும் என்ஜின் உறுமியது. எனக்குப் புல்லரித்தது. அவன் முகமும் மலர்ந்தது. பல் பாதையில் ஏறினோம். டாஷ்போர்டு கடகடகடவென்று ஆட்டம் போட்டது. என் பல்லே கழன்றுவிடும் போல இருந்தது. அவன் புருவத்தைச் சுருக்கினான்.

"டாஷ்போர்டைப் பிரிச்சு உள்ள ஏதாச்சும் வச்சிருக்காங்களா மச்சான்?"

"ஏன்?"

"கடகடப்பைக் காணோமே."

கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்து நானும் சிரித்தேன். நேர்ப்பாதை வந்தது. அழுத்தினான். மூலையில் காற்று புகுந்தது. ‘வீஈஈ’ என்று கிளம்பியது பாருங்கள் அந்த விசில்! அவனுடைய காதிலிருந்து ஒரு சாண்கூட இல்லை அந்த மூலை. எனக்கே காது கூசியது. வேலியோரம் நின்றிருந்த எங்கள் ஆட்கள் எல்லாரும் பழைய நினைப்பில் வாயில் விரலை வைத்துத் திருப்பி விசிலடித்தார்கள்.

அவன் நிதானமாகச் சொன்னான். "விசிலையும் நிறுத்திட்டாங்க. எப்படி மச்சான்? நம்மளால முடியாததை யாரு செஞ்சா? ரப்பரா?"

அவன் கிண்டல் பண்ணவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஆமா, ரப்பரை மாத்திட்டாங்க" என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பான். அப்போது அவன் வேலியைப் பார்த்தான். வரிசையாக ஆட்கள், எல்லார் வாயிலும் விரல், எல்லார் கன்னமும் உப்பியிருந்தது. அந்த வரிசையின் கடைசியில் என் தங்கை நின்றாள். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, அந்தப் பழைய நாளைப் போலவே சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவன் வேகத்தைக் குறைக்கவில்லை. விசில் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் அவளையே பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"அடிக்குதா மச்சான்?" என்றான்.

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். சுற்று முடிந்து வண்டியை ஒழுங்காக நிறுத்தினான். எல்லாரும் கைதட்டினார்கள். அவன் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"யாருகிட்டயும் மூச்சு விடாத" என்றேன். "இன்னும் கொஞ்ச காலம்தானே? நான் பக்கத்துல உட்கார்ந்து கேட்டுச் சொல்றேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"யார்டுல லாரிக்காக நிக்கிற வண்டியெல்லாம் நான் சரின்னு சொன்னது."

"அதுக்கு என்ன இப்போ? டிக் டிக்னு ஒரு சத்தம் வந்தா யாராவது செத்தா போயிடுவாங்க?"

"டிக்னு கேக்கிறது ஒரு வாஷரா இருக்கலாம், சக்கரத்துல லூசான போல்ட்டாவும் இருக்கலாம். கேட்டாத்தானே மச்சான் தெரியும்? எனக்குக் கேக்கல."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முட்டாள், கிறுக்கன், தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறவன் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். எவ்வளவு கேட்டதோ தெரியாது. டப்பாவிலிருந்து கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு நேராக மேற்பார்வையாளரிடம் நடந்தான். நான் பின்னாலேயே ஓடினேன்.

அவள் முதலில் சிரித்தாள். காதுக்குக் காது கேட்கவில்லை என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? அப்புறம் அவன் நின்ற நிலையைப் பார்த்து அவள் சிரிப்பு நின்றது.

"எப்ப இருந்துய்யா?" என்றாள். நான் அதை அவன் காதருகே உரக்கத் திருப்பிச் சொன்னேன்.

"தெரியலம்மா" என்றான். "ஒவ்வொரு தலைமுறைக்கும் வண்டி அமைதியாயிட்டே வந்துச்சு. நான் வண்டிதான்னு நினைச்சேன்."

அந்தப் பெண் தொலைபேசியை எடுத்து லாரிகளை நிறுத்தச் சொன்னாள். யார்டிலிருந்த ஐந்தாவது சிட்டுகளை எல்லாம் மறுபடி ஓட்டிப் பார்க்க ஆட்களைப் போட்டாள். அவன் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் நாடாச் சுருளை எடுத்து மேசை மேல் வைத்தான். அவள் அதை அவன் பக்கமே தள்ளிவிட்டாள். "இது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள். அவனை அந்த இருக்கையிலிருந்து எடுத்துவிட்டார்கள். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. அவனே கேட்டு வாங்கிக்கொண்டது.

காதுச் சோதனைக்கு நானும் தங்கையும் கூடப் போனோம். கண்ணாடி அறைக்குள் அவனை உட்கார வைத்துச் சோதித்த பெண் வெளியே வந்து எங்களுக்கு விளக்கினாள். கனத்த சத்தமெல்லாம் அவனுக்கு நன்றாகவே கேட்கிறது. உறுமல், இடி, என்னைப் போன்ற ஆட்களின் கட்டைக் குரல், எல்லாம் கேட்கும். மெல்லிய, கூர்மையான சத்தங்கள்தான் வருஷக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கின்றன. "டிக் டிக், விசில், அப்புறம் பெண்கள் குரல், குழந்தைங்க குரல். சத்தமா கேட்டாலும் வார்த்தை புரியாது" என்றாள்.

என் தங்கை அந்த நாற்காலியிலேயே உடைந்து அழுதாள். நான் பதறிப்போய், "ஏன்டி, காது மிஷின் வச்சா சரியாயிடும்னு சொல்றாங்கல்ல?" என்றேன்.

"அதுக்கு இல்லண்ணே" என்றாள். "என்னை வேண்டாம்னு நினைச்சிட்டாருன்னு இத்தனை நாளா அழுதுக்கிட்டு இருந்தேன். காதுதான் கேக்கலையா இவருக்கு? வெறும் காதுதானா?"

அழுகையும் சிரிப்புமாக அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவனைப் பார்த்தாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அசடு மாதிரி கையை ஆட்டினான்.

காது மிஷின் வைத்த முதல் நாள் வீடே அவனோடு சண்டைக்கு வந்ததாம். குழாய் சொட்டுகிறது, மின்விசிறி முனகுகிறது, செருப்பு கத்துகிறது. "நீ இவ்வளவு சத்தமாவா பேசுவ?" என்று தங்கையைக் கேட்டிருக்கிறான். "உங்களுக்காகக் கத்திக் கத்தித்தான் இப்படி ஆச்சு" என்று அவள் திருப்பிக் கொடுத்தாளாம். மகள் போனில் கூப்பிட்டபோது அவன் வெகு நேரம் யாருக்கும் போனைக் கொடுக்கவில்லை.

ஆனால் மிஷின் வைத்த காதைச் சோதனைப் பாதைக்கு ஏற்க விதி இல்லை. அவனை யார்டில் போட்டார்கள். முடிந்த வண்டியை எடுத்துப் போய் லாரிப் பக்கத்தில் வரிசையாக நிறுத்துகிற வேலை. நாள் முழுக்க ஆமை வேகத்தில் போய்ப் போய் வர வேண்டும். அவன் இடுப்பு வாரைத் திரும்பவும் கட்டிக்கொண்டு வந்தான். புதிதாக வந்தவர்கள் அவனை "யார்டு அண்ணன்" என்றார்கள். அவன் அதற்கும் தலையை ஆட்டினான்.

என் கதையையும் கேளுங்கள். யார்டிலிருந்த வண்டிகளைத் திரும்ப ஓட்டியபோது மஞ்சள் மஞ்சளாக வந்து விழுந்தது. போல்ட் எதுவும் லூசாக இல்லை. அந்த வரைக்கும் நல்ல காலம். பெரும்பாலும் கதவு. கல்லு மாதிரி இருக்கிறது என்று பெயர் வாங்கிய என் கதவுதான்! பூட்டுக் கம்பியைப் பிடிக்கிற ஒரு பிளாஸ்டிக் கிளிப் சரியாக உட்காரவில்லை. நாலாவது சிட்டு காலத்திலிருந்தே எங்கள் கை அதில் அலட்சியமாகிவிட்டது. கேட்க ஆள் இல்லை, நாங்களும் திருந்தவில்லை. கேடயத்தை அலமாரிக்கு மேலிருந்து எடுத்து உள்ளே வைத்தேன். அப்போதும் வாய் திறந்து ஒப்புக்கொண்டேனா? கிளிப் செய்து கொடுத்தவன் சரியில்லை என்று ஊரைக் கூட்டினேன்.

ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு வந்து நாங்கள் கதவுகளை மாட்டிக்கொண்டிருந்தோம். ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு ஒரு ஐந்தாவது சிட்டு பின்வாசல் வழியாக எங்கள் பிரிவுக்குள்ளேயே வந்து நின்றது. சோதனையெல்லாம் முடிந்து, லாரியில் ஏற வேண்டிய வண்டி. யாருடா அது, வழி மறந்தவன் என்று கத்திக்கொண்டே போனேன். கதவு திறந்தது. காது இறங்கினான். ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான். இடுப்பில் வார் இல்லை.

"யார்டுக்குப் போற வண்டியை இங்க எதுக்கு ஓட்டிக்கிட்டு வந்த? உன்னை யாரு கேக்கச் சொன்னா?" என்றேன்.

அவன் பின்கதவின் அடிப்பக்கம் குனிந்து, விரலால் தடவி, ஒரு இடத்தில் நிறுத்தினான். பையிலிருந்து சுருளை எடுத்துக் கிழித்து, மஞ்சளை ஒட்டினான்.

"உன் கதவுதான் மச்சான்."

என் ஆட்கள் எல்லாரும் கருவிகளைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். நான் எகிறப் போகிறேன், வாஷர் வெளியாள் போட்டது என்று சண்டை வளர்க்கப் போகிறேன் என்று வேடிக்கை பார்க்க ஆவலாக இருந்தார்கள். ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டான். நான் குனிந்து கதவில் காதை வைத்து, வண்டியைக் கையால் குலுக்கிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவன் காத்துக்கொண்டு நின்றான். என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அதை மறைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"ஆமா மாப்ள" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "என் கதவுதான்."